சேஜ் கிரௌஸ்

சேஜ் கிரௌஸ் வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள வறண்ட சமவெளிகளில் வாழும் கோழியினப் பறவை. அக்கண்டத்தின் கிரௌஸ் வகைகளில் இதுவே பெரியது. சேவல் 3 கிலோ வரை எடை இருக்கும், பெட்டை ஏறக்குறைய அதில் பாதி. சேஜ்பிரஷ் புதர் இல்லாத இடத்தில் இது வாழாது. நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த, வாசமுள்ள, சாம்பல் பூத்த செடி அது. தானியத்தை அரைக்கும் வலுவான இரைப்பை இப்பறவைக்கு இல்லை. பனிக்காலம் முழுக்க சேஜ்பிரஷ் இலைதான் இரை. பல விலங்குகளுக்கு ஒவ்வாத அந்த இலையைத் தின்றே எடையும் கூடும்.

மார்ச் முதல் மே வரை, விடியும் முன்பே, புதரற்ற திறந்தவெளியில் சேவல்கள் கூடுகின்றன. ஆண்டுதோறும் அதே ஆடுகளத்துக்குத் திரும்புகின்றன. கூரிய வால் இறகுகளை விரித்து, வெண்மார்பைப் புடைத்து நடக்கும் சேவல், மார்பிலுள்ள இரண்டு மஞ்சள் காற்றுப்பைகளை ஊதிச் சட்டென்று தளர்த்தும். நீர்க்குமிழி வெடிப்பது போன்ற ஒலி நெடுந்தொலைவு கேட்கும். பெட்டைகள் சுற்றிவந்து பார்க்கும். பெரும்பாலானவை ஓரிரு சேவல்களையே தேர்ந்தெடுக்கும். புதரடியில் 6 முதல் 9 முட்டைகள் இட்டு, அடைகாத்து, குஞ்சுகளை வளர்ப்பதெல்லாம் பெட்டை தனியாகத்தான். குஞ்சுகள் முதல் சில வாரங்கள் பூச்சிகளையும் இளந்தளிர்களையும் நம்பியிருக்கும்.

பூர்வகுடிகள் நெடுங்காலமாக அறிந்திருந்த இப்பறவையை 1805–06-இல் ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் தம் பயணக் குறிப்புகளில் விவரித்தனர். நெப்போலியனின் தம்பி மகன் சார்லஸ் லூசியன் போனபார்ட் 1827-இல் அறிவியல் பெயர் சூட்டினார். பின் குடியேறிகளின் ஏரும் மந்தையும் துப்பாக்கியும் வந்தன. 1916-லேயே நியூயார்க் விலங்கியல் பூங்கா இயக்குநர் வில்லியம் ஹார்னடே, இது அழிந்துவிடும் என்று எச்சரித்தார். பல மாநிலங்கள் வேட்டையை நிறுத்தியோ சுருக்கியோ பார்த்தன. ஆனால் புதரை யாரும் காக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேய்ச்சல் புல்லுக்காகக் களைக்கொல்லி தெளித்தே அதை அழித்தார்கள். இந்த வரலாற்றிலேயே பெரிய பிழை அதுதான்.

இன்று அந்த வேலையைச் சீட்கிராஸ் செய்கிறது. யூரேசியாவிலிருந்து வந்த இந்தப் புல் கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து தீக்கு இரையாகும். எரிந்த சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்து முளைத்து வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் புல் மீண்டும் பரவி மீண்டும் எரியும். வயோமிங் மாநிலத்தில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் அவற்றுக்கான சாலைகளும் ஆடுகளங்களைக் காலியாக்குகின்றன. முன்பு பரவியிருந்த நிலத்தில் ஏறத்தாழப் பாதியில்தான், 11 அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் 2 மாகாணங்களிலும், இப்பறவை எஞ்சியுள்ளது. 1965-க்குப் பின் எண்ணிக்கை 80 சதவீதம் சரிந்ததாக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2021-இல் அறிவித்தது.

கொலராடோ, யூட்டாவில் வாழும் கன்னிசன் சேஜ் கிரௌஸ் 2000-இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்டு, 2014-இல் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இதுவரை சொன்ன பெரிய சிற்றினத்துக்கு அது கிட்டவில்லை. பாதுகாப்புக்குத் தகுதியானதே, ஆனால் முன்னுரிமை வேறு உயிரினங்களுக்கு என்று 2010-இல் அமெரிக்க அரசு தள்ளிவைத்தது. 2015-இல், கூட்டரசு நிலங்களின் மேலாண்மைத் திட்டங்களைத் திருத்தியாயிற்று, இனிச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்றது. அந்தத் திட்டங்களோ ஆட்சி மாறும்போது மாறுபவை. 2019-இல் தளர்த்தப்பட்டன, அதே ஆண்டு நீதிமன்றம் அத்தளர்வை நிறுத்திவைத்தது. இதைவிட உறுதியான பலனைப் பண்ணையாளர்களோடு 2010-இல் தொடங்கிய கூட்டுப்பணி தந்திருக்கிறது: புதர்வெளியில் ஊடுருவும் ஜூனிப்பர் மரங்களை வெட்டுகிறார்கள், தாழப் பறக்கும் பறவைகள் மோதிச் சாகாதிருக்க முள்கம்பி வேலிகளில் சிறு பிளாஸ்டிக் பட்டைகளை மாட்டுகிறார்கள்.