மார்பக அமிலாய்டும் மறுசீரமைப்பின் வரலாறும்

உரிய வடிவில் மடியத் தவறிய புரதங்கள் நுண்ணிய இழைகளாகத் திரண்டு திசுக்களுக்கிடையே படிவதை அமிலாய்டு என்பர். சிறுநீரகத்தையும் இதயத்தையும் பெரிதும் தாக்கும் இப்படிவு அரிதாக மார்பகத்தில் நேரும்போது கெட்டியான கட்டியாகக் கைக்குத் தட்டுப்படுவதாலும், சில வேளைகளில் மேமோகிராம் படத்தில் சுண்ணாம்புத் துகள்களோடு தெரிவதாலும், தோற்றத்தை மட்டும் கொண்டு அதனைப் புற்றுநோயிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. 1854இல் ருடால்ஃப் விர்ஷோ அயோடின் பட்டு நிறம் மாறிய இப்பொருளை மாவுப்பொருள் இனத்தது எனக் கருதினார். அது புரதமே என்பது 1859இல் தெளிவாயிற்று. துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட காங்கோ சிவப்பு அமிலாய்டில் பற்றிக்கொள்வதை 1922இல் ஹான்ஸ் பென்ஹோல்டு கண்டறிந்தார். அச்சாயமேற்றிய திசுச் சீவலை, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு ஒளிமுனைவு வடிகட்டிகளுக்கிடையே நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட பரப்பில் படிவு மட்டும் ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிரும். இன்றுவரை நோயை உறுதிசெய்யும் அடையாளம் இதுவே. எனினும் மார்பகத்தில் இத்தகைய கட்டி பற்றிய முதல் விளக்கம் மருத்துவ ஏடுகளில் 1973இல்தான் வெளிவந்தது.

மார்பக மறுசீரமைப்பின் தொடக்கம் அமிலாய்டைப் போலப் புற்றுநோயல்லாத நோயிலேயே அமைந்தது என்பது இங்கு கருதத்தக்கது. 1895இல் ஹைடல்பெர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி, நாட்பட்ட அழற்சியும் தீங்கற்ற கட்டியும் கண்ட ஒரு பெண்ணின் மார்பகச் சுரப்பியை அகற்றியபின், அவருடைய இடுப்புப் பகுதியில் முன்பே வளர்ந்திருந்த முட்டியளவுக் கொழுப்புக் கழலையை எடுத்து அந்தக் குழிவில் வைத்து நிரப்பினார். இத்தாலியில் இஜினியோ தான்சினி முதுகுத் தோலை மடலாகத் திருப்பி, மார்பகம் நீக்கிய புண்ணை மூட முயன்றபோது அம்மடலின் நுனி இரத்தமின்றிக் கருகியது. அடியிலுள்ள அகன்ற முதுகுத் தசையையும் அதற்குரிய நாளத்தையும் சேர்த்தே எடுத்தால் மடல் பிழைக்கும் என்பதை 1906இல் அவர் விளக்கினார்.

இந்த அரிய முறை பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்ததற்குப் பால்டிமோரின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெடின் செல்வாக்கு முதன்மைக் காரணம். மார்பகம், நெஞ்சுத் தசைகள், அக்குள் நிணக்கணுக்கள் ஆகியவற்றை ஒருசேர அகற்றும் முறையை 1894இல் வெளியிட்ட அவர், புண்ணை மடலால் மூடும் ஆசை நோயை முழுமையாக வெட்டியெடுப்பதைத் தடுக்கும் என அஞ்சினார். அவர் வழிவந்தோர் காலத்தில், உறைந்த திசுச் சீவலை அறுவை மேசையருகிலேயே விரைந்து ஆராய்ந்து அப்போதே மார்பகத்தை நீக்கும் வழக்கம் நிலைபெற்றதால், மயக்க மருந்துக்கு உடன்பட்ட பெண் மார்பகத்தோடு விழிப்பாரா என்பதே தெரியாமல் உறங்க வேண்டியிருந்தது. நோயாளியின் சம்மதத்தை இவ்வளவு மலிவாகக் கொண்ட ஒரு வழக்கம் இத்தனை காலம் நீடித்தது மருத்துவ வரலாற்றின் பெருங்குறை. தனிச் சாயமேற்றி நிதானமாகக் காண வேண்டிய அமிலாய்டு போன்ற படிவுக்கும் அந்த அவசரம் பொருந்தாது. அமெரிக்க இதழாளர் ரோஸ் குஷ்னர் இவ்வழக்கத்தை எதிர்த்து எழுதினார், வாதாடினார். 1979இல் அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, திசுப் பரிசோதனையையும் சிகிச்சையையும் தனித்தனிப் படிகளாகச் செய்யப் பரிந்துரைத்தது.

மறுசீரமைப்பு முறைகளும் இக்காலத்திலேயே விரிந்தன. ஹூஸ்டனில் 1962இல் சிலிக்கோன் செயற்கை மார்பகம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1970களில் தான்சினியின் முதுகுத் தசை மடல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1982இல் கார்ல் ஹார்ட்ராம்ஃப் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலேற்றும் முறையை வெளியிட்டார்.

மார்பகத்தோடு நின்றுவிட்ட அமிலாய்டுக்குக் கட்டியை மட்டும் அகற்றுவது பெரும்பாலும் போதுமாதலால், எஞ்சிய திசுவைக் கொண்டே வடிவத்தைச் சீராக்கிவிடலாம். படிவு பரந்து பெரும்பகுதியை நீக்க நேர்ந்தால்தான் மடலோ செயற்கை மார்பகமோ தேவைப்படும். ஆனால் சில நோயாளிகளிடம் மார்பகப் படிவு உடல் முழுதும் பரவிய நோயின் ஒரு பகுதியாகவோ, நிணநீர்ப் புற்றுநோயோடு சேர்ந்தோ காணப்படுகிறது. நாளச் சுவர்களில் படியும் அமிலாய்டு அவற்றை எளிதில் நொறுங்கச் செய்வதோடு, இரத்தம் உறையத் தேவையான பத்தாம் காரணியையும் தன்பால் ஈர்த்துக்கொள்ளக்கூடும் என்பதால், நீண்ட மறுசீரமைப்பு அறுவைக்கு நாள் குறிக்குமுன் இரத்தம் உறையும் திறன், இதயம், சிறுநீரகம், எலும்பு மச்சை ஆகியவை ஆராயப்படுகின்றன.