சட்டையில் வந்த தூசு

செந்துறைப் பக்கம் கீற்றைப் பிரித்துவிட்டு சிமெண்ட் சீட்டு போட்ட வீடு, ஒரு படி ஏறிய வீடு. கீற்று தீப்பிடிக்கும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். சீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த மாவட்டத்தில் அதையும் வெறும் சிமெண்டாகவே பார்க்கிறோம். ஆனால் அந்தச் சீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அரியலூரில் 1979 முதல் சிமெண்ட் தயாரித்த அரசு நிறுவனமான டான்செம், ஆலங்குளத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு ஆலையையும் நடத்தியது.

கல்நாரின் ஆபத்து எப்போது தெரியவந்தது என்று தேடிப்போனால், தொடக்கத்திலேயே பெண்களைச் சந்திக்கிறோம்.

பிரிட்டனின் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களில் ஒருவர் லூசி டீன். கல்நார்த் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று 1898-ஆம் ஆண்டு அரசு அறிக்கையிலேயே அவர் எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது அத்தூசு கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக இருந்ததையும் பதிவு செய்தார். அறிக்கை அச்சானது, ஆலைகள் மாறவில்லை.

ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா, 12 வயதில் இந்த வேலைக்கு வந்தவர். 1924-இல் 33 வயதில் இறந்தார். அவர் கடைசியாக வேலை பார்த்த டர்னர் பிரதர்ஸ் நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், தழும்பேறிய திசுக்களுக்குள் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 'ஆஸ்பெஸ்டாசிஸ்' என்ற பெயர் பிறகு வந்தது. 1931-இல் பிரிட்டன் விதிகள் இயற்றியது. அவை ஆலைக்குள் இருந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசின.

ஆலை வாசலோடு தூசு நின்றுவிடவில்லை. 1965-இல் முரியல் நியூஹவுஸ் என்ற பெண் மருத்துவரும் ஹில்டா தாம்சனும் லண்டனில் 76 நோயாளிகளின் வாழ்க்கையை விசாரித்தார்கள். எல்லோருக்கும் மீசோதீலியோமா, அதாவது நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். அவர்களில் 9 பேர் கல்நார் வேலைக்கே போகாதவர்கள். வேலைக்குப் போனவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் பெண்கள். கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்ததுதான் அவர்களுக்குத் தூசோடு இருந்த தொடர்பு. கூலியில்லாத அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நம் நாட்டில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. தூசு உள்ளே போய் இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் நோய் வரும் என்பதால் அவசியமான உத்தரவு அது. ஆனால் பதிவேடு தொழிலாளிக்குத்தான். அவர் சட்டையைத் துவைத்தவருக்கு இல்லை.

பிரிட்டன் 1999-இல் கல்நாரைத் தடை செய்தது. இந்தியா இன்னும் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வாங்கிச் சீட்டு செய்கிறது.

உடையாமல் கூரையில் கிடக்கும் சீட்டால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும்தான் இழைகள் காற்றில் கலக்கின்றன. வேலை முடிந்ததும் அந்தத் தூளைக் கூட்டுவது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். உடைந்த துண்டை அடுப்புக்கு மறைப்பாக வைப்பதும் அவர்களே. காய்ந்த தூளை விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கூரை வேலை செய்தவரின் துணியை உதறாமல் தனியாக நனைக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையையும் பெண்களின் தலையிலேயே கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. மலிவான மாற்றுக் கூரைக்கு அரசு வழிசெய்ய வேண்டும். மூச்சிரைப்போடு வரும் பெண்ணிடம், “வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? அவர்கள் துணியை யார் துவைத்தது?” என்று மருத்துவர் கேட்க வேண்டும். லண்டனில் 1965-இல் கேட்கப்பட்ட கேள்விதான் அது.