புறம்போக்கு என்றொரு சொல்

வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர் 'கமலாம்பாள் சரித்திரம்' (1893-95) நாவலுக்குக் களமாக்கிய ஊரின் பெயர் சிறுகுளம். ஊருக்கே குளத்தின் பெயர். அப்படிப்பட்ட ஊர்க் குளம் யாருடையது?

ரயத்துவாரி முறையில் தீர்வை விதிக்கப்பட்ட நிலத்துக்குப் பட்டா உண்டு. குளம், வாய்க்கால், மந்தை, களம், சுடுகாடு ஆகியவற்றுக்குத் தீர்வை கிடையாது. எனவே அவை கணக்குக்குப் புறம்பானவை, புறம்போக்கு. வரி ஏட்டில் புறமாக நின்றவைதாம் ஊர் வாழ்வின் அகமாக இருந்தன. சொல்லோ இன்று வசையாகிவிட்டது.

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இவற்றுக்கு உரிமையாளரை அறிவித்தது: தனியாருடையது என நிலைநாட்டப்படாத தெரு, ஆற்றுப்படுகை, குளம் யாவும் அரசின் சொத்து. அதே பிரிவு, சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகளுக்கு இது கட்டுப்பட்டது என்றும் சொன்னது. ஆனால் வழக்காற்றுக்கு ஏது பட்டா? ஆடு மேய்த்தவனிடம் அதைக் காட்ட ஆவணம் இல்லை.

உரிமை அரசிடம் சென்றது. கடமை மட்டும் ஊரிடம் தங்குமா? குடிமராமத்து தளர்வதைக் கண்ட அரசு, 1858-இலேயே கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி மக்களைக் கரைக்கு அழைக்க வேண்டியிருந்தது. வழக்கம் தானே நடந்திருந்தால் சட்டம் எதற்கு? 2017-இல் தமிழக அரசு அதே பெயரைத் தன் திட்டமொன்றுக்குச் சூட்டிக்கொண்டது.

இதனால் பழைய ஊர்ப் பொதுவைப் பொற்காலமாக்கிவிடலாகாது. அந்தப் 'பொது'வில் சேரிக்கு இடமில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் மிராசுதார்கள் தரிசையும் தமதென்றே உரிமை கோரினர். உழுதவர்களுக்கு ஒரு துண்டு நிலமும் எட்டவில்லை. ஆட்சியர் டிரமன்ஹீரின் 1891 அறிக்கையும், அதை அடுத்து 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்த அநீதியின் சாட்சிகள். அரசின் தலையீடு சிலருக்கு ஒரே வாசலாகவும் இருந்தது.

2011 ஜனவரியில், பஞ்சாபின் ஒரு கிராமக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கில் (ஜக்பால் சிங்), உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை மீட்டுக் கிராம சபைகளிடம் ஒப்படைக்க எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் முறைப்படி குத்தகைக்கு விட்ட இடங்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்களித்தது.

ஆக, கேள்வி குளம் யாருடையது என்பதோடு முடிவதில்லை. மீட்ட குளத்தின் கரையில் யாரெல்லாம் நின்று பேசலாம் என்பதையும் ஊர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எந்தச் சட்டமும் நமக்காக எழுதித் தராது.