சௌந்த், தலீப் சிங் (1899–1973)

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர் என அறியப்படுபவர். ஹவாய், பிலிப்பைன்ஸ் பிரதிநிதிகள் முன்பே அச்சபையில் இருந்துள்ளனர். அவர்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. ஆகவே ‘வாக்குரிமை பெற்ற முதல் ஆசியர்’ என்பதே பொருந்தும் என்பாரும் உளர்.

அமிர்தசரஸ் மாவட்டத்தின் சஜ்ஜல்வாடி கிராமத்தில் பிறந்தார். உணவைப் பதப்படுத்தும் கலை பயில 1920இல் கலிபோர்னியா சென்று, பின் கணிதத்துக்கு மாறி, 1924இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் சோறு போடவில்லை. இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கக் கூடாது என்பது அன்றைய கலிபோர்னியச் சட்டம். கணித முனைவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி பறிக்கும் கூலிகளுக்கு மேஸ்திரியானார். பிறகு விவசாயத்தில் இறங்கினார். காதரின் மேயோ இந்தியாவை இழித்து எழுதிய நூலுக்கு 1930இல் ‘மை மதர் இந்தியா’ எழுதி மறுப்புரைத்தார்.

இந்தியருக்குக் குடியுரிமை கேட்டு அவரும் பிறரும் நடத்திய போராட்டத்தின் பலனாக, 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. இதன்படி ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேற முடிந்தது, குடியுரிமையும் பெற முடிந்தது. சௌந்த் 1949 டிசம்பரில் குடிமகனானார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லண்ட் ஊர் நீதிபதி தேர்தலில் வென்றார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. சோர்ந்துவிடாமல் 1952இல் மீண்டும் நின்று வென்றார். நீதிமன்றத்துக்கு வருவோருக்குத் தலைப்பாகையை நீங்களே தருவீர்களா, நாங்கள் வாங்க வேண்டுமா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டபோது, தலைமேல் என்ன இருக்கிறது என்பதல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதே தமக்கு முக்கியம் என்றார். அவரது வாழ்க்கையில் நினைவில் நிற்கும் பதில் இதுவே.

1956இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று, ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் பெண் விமானி ஜாக்குலின் காக்ரனைக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்தார். வெளியுறவுக் குழுவில் பணியாற்றினார். 1957இல் இந்தியா வந்து நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார். மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் பக்கவாதம் தாக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார்.

கலிபோர்னியாவின் டெமெக்குலா நகர அஞ்சலகத்துக்கு 2005இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.