கொல்லைப்புறத்து ஆடுகளம்

அமெரிக்கப் பெருநகரங்களை அடுத்த புறநகர்களில் குடியிருப்போர் வீட்டின் முன்புறத்தை ஊரார் பார்வைக்கு விட்டுப் பின்புறத்தைத் தம் குடும்பத்துக்கென வைத்துக்கொள்வர். வசதியுள்ளவர் சிலர் அக்கொல்லைப்புறத்தில் ஆடுகளம் ஒன்று அமைத்துக்கொள்வதும் உண்டு. களம் பச்சைப் பசேலென்றிருக்கும். அருகில் சென்று தொட்டால் அது புல் அன்று, பிளாஸ்டிக் இழையாலான விரிப்பு என்பது தெரியும். இவ்விரிப்பு யாருக்கென உண்டாக்கப்பட்டது, யாரிடம் வந்து சேர்ந்தது என்பதே இன்று நான் சொல்லப்போகும் செய்தி.

கதையை ஒரு கம்பளி ஆலையிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டிரௌட் என்னும் ஊரைச் சுற்றிக் கம்பளித் துணி ஆலைகள் பல இருந்தன. நெய்த துணியின்மேல் சிலிர்த்து நிற்கும் மயிரை ஒரே மட்டமாகக் கத்தரிக்கக் கத்திகள் பொருத்திய உருளையொன்று அங்கே சுழன்றுகொண்டிருந்தது. எட்வின் பட்டிங் என்னும் பொறிவல்லார் அதனைக் கண்டார். துணியைக் கத்தரிக்கும் உருளை புல்லை மட்டும் கத்தரிக்காதா என்று எண்ணினார். 1830-இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியே முதல் புல்வெட்டும் இயந்திரம். அதற்குமுன் நல்ல புல்தரை வேண்டுமானால் நீண்ட அரிவாள் பிடித்த ஆட்கள் பலர் வேண்டும். இல்லையேல் ஆட்டுமந்தை வேண்டும். ஆகவே அது பிரபுக்களின் உடைமையாயிருந்தது. பட்டிங்கின் இயந்திரம் அதை நடுத்தரச் செல்வரின் தோட்டத்துக்கும் கொண்டுவந்தது.

அப்படித் தயாராகிக் காத்திருந்த புல்தரைக்கு ஆட்டம் ஒன்றைக் கொடுத்தவர் மேஜர் வால்டர் விங்ஃபீல்டு. 1874-இல் அவர் வலை, கம்பம், மட்டை, பந்து ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடைத்து ஐந்து கினி விலைக்கு விற்றார். பெட்டியைத் திறந்து வீட்டுப் புல்தரையில் வலையைக் கட்டினால் டென்னிஸ் களம் ஆயிற்று. களம் இருபுறம் அகன்று இடை சிறுத்து உடுக்கை வடிவில் இருந்தது. அவர் சூட்டிய கிரேக்கப் பெயரோ வாயில் நுழையாதது. இரண்டும் நிலைக்கவில்லை, ஆட்டம் நிலைத்தது. 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியபொழுது உடுக்கை மறைந்து நீள்சதுரம் வந்துவிட்டது.

ஆயினும் புல்தரை எளிதில் வயப்படுவதன்று. வெட்ட வேண்டும், உருளை இழுக்க வேண்டும், நீர் பாய்ச்ச வேண்டும், ஆடிய பின் இளைப்பாற விடவும் வேண்டும். குளிர்நாட்டில் பனி வேறு மூடும். 1928-இல் நியூயார்க்கை அடுத்த ஸ்கார்ஸ்டேல் என்னும் புறநகரில் நண்பர் இருவர் மரப்பலகை மேடையொன்று கட்டிக் குளிர்காலத்திலும் பந்தாடினர். தரையை நம்பாமல் தரையைச் செய்துகொள்வது என்னும் வழக்கம் வீட்டுப்புறத்தில் அப்பொழுதே தொடங்கிவிட்டது.

செயற்கைப் புல் பிறந்ததோ வீட்டுப்புறத்தில் அன்று. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட மண்ணில்லை, பள்ளி முற்றமெல்லாம் சிமெண்டும் தாரும் என்ற கவலை அமெரிக்கக் கல்வியாளர் சிலருக்கு இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 1958-இல் பள்ளிக் கட்டிடங்களை ஆராய நிறுவிய அமைப்பு இக்கவலையைக் கையிலெடுத்தது. பத்துப் பிள்ளைகள் ஆடும் புல் பிழைக்கும். ஐந்நூறு பிள்ளைகள் ஆடும் புல் பிழைக்குமா? பள்ளிக்கூடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இது தெரியும். ஐப்பசி மழையில் முளைத்த பசுமை பொங்கலுக்குள் புழுதியாகிவிடும். எஞ்சுவது நெருஞ்சி ஒன்றே. தேயாத புல் ஒன்று வேண்டுமென அவர்கள் விரும்பியதில் வியப்பில்லை.

மான்சாண்டோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் நைலான் இழையால் அதனைச் செய்தனர். கெம்கிராஸ் என்று பெயரிட்டனர். 1964-இல் பிராவிடன்ஸ் நகரில் மோசஸ் பிரௌன் பள்ளியில் அது விரிக்கப்பட்டது. பள்ளிதான், ஆனால் குவேக்கர் சமயத்தார் நிறுவிய தனியார் பள்ளி. மண்ணின்றித் தவித்த சேரிப் பிள்ளைகளின் பள்ளியன்று.

அடுத்த ஆண்டு ஹூஸ்டன் நகரில் கூரையுள்ள மாபெரும் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஆஸ்ட்ரோடோம் என்பது அதன் பெயர். உள்ளே இயற்கைப் புல் வளர்ப்பதற்காக ஒளி ஊடுருவும் கூரை வேய்ந்திருந்தனர். ஒளி கண்ணைக் கூசச் செய்ததால் உயரப் பறந்த பந்து ஆட்டக்காரருக்குத் தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினர். கண் கூச்சம் நின்றது, புல்லும் செத்தது. 1966-இல் அங்கே கெம்கிராஸ் விரிக்கப்பட்டு, அரங்கின் பெயரால் ஆஸ்ட்ரோடர்ஃப் ஆயிற்று. பிள்ளைகளுக்கென எண்ணிய பொருள் உலகப் புகழ் பெற்றது காசு கொடுத்துக் காணும் பேஸ்பால் ஆட்டத்தால்.

பின்னர் அது வீட்டை நாடிற்று. 1969-இல் மெக்சிகோ நாட்டு அகாபுல்கோவில் என்ரிக்கே கொர்குவேரா என்ற செல்வர், தம் வீட்டில் டென்னிஸுக்குப் போதிய இடமின்மையால், சிறு களமொன்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஆடினார். பாடெல் என்னும் ஆட்டம் அவ்வாறு பிறந்தது. டென்னிஸ் களத்துக்குச் சுற்றிடத்தோடு ஏறத்தாழ 36 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் வேண்டும். பாடெலுக்கு 20-க்கு 10 போதும். இன்று பாடெல் களங்களில் பெரும்பாலும் விரிப்பது மணலிட்ட செயற்கைப் புல்லே.

அதனை விரிப்பதும் ஒரு கலை. முதலில் மேல்மண்ணை வேரோடு அகழ்ந்து எறிவர். வேர் மக்கினால் தரை உள்வாங்கும். உடைகல்லைப் படிப்படியாகக் கொட்டித் திமிசு போடுவர். மழைநீர் வடிய, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு வைப்பர். அதன்மேல் விரிப்புச் சுருள்களை உருட்டி, ஓரங்களை அடியில் பட்டை வைத்துப் பசையால் ஒட்டுவர். கோடுகளை வெள்ளை இழையாலேயே பதிப்பர். இறுதியில் உலர்ந்த மணலைத் தூவித் தூவித் துடைப்பத்தால் இழைகளுக்கிடையே இறக்குவர். இழையை நிமிர்த்துவதும் விரிப்பை இடம்பெயராமல் அழுத்திப் பிடிப்பதும் அம்மணலே. இத்தனை செய்தும் அடித்தளத்தில் கைச்சிக்கனம் பார்த்தால் இரண்டு மழையில் பள்ளம் விழும்.

நீரும் வெட்டும் வேலையும் மிச்சம் என்பது மெய். வெயிலில் இது இயற்கைப் புல்லைவிட மிகுதியாகச் சுடும் என்பதும் மெய். புல் தன் வேர் உறிஞ்சிய நீரை இலைவழி ஆவியாக விட்டுக் குளிரும். இழைக்கு அந்த வழியில்லை.

பெரிய கால்பந்துக் களங்களில் மணலோடு பழைய டயரை அரைத்த ரப்பர் மணிகளையும் இடுவது 1990-களில் பரவிய வழக்கம். அம்மணிகள் சிதறி மண்ணிலும் நீரிலும் சேர்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. எட்டாண்டு தவணைக்குப் பின், 2031-இல், அது நடைமுறைக்கு வரும். மணல் மட்டும் இட்ட கொல்லைப்புறக் களங்களை அத்தடை தொடாது. மாற்று தேட வேண்டியவை நகராட்சித் திடல்களும் பள்ளித் திடல்களுமே.