தீங்கற்ற மூளைக்கட்டிகளும் விரவல் எம்ஆர்ஐயும்

திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைப் படமாக்குவது விரவல் எம்ஆர்ஐ. தீங்கற்ற மூளைக்கட்டியைக் கண்டறிவதில் அதற்குப் பெரும்பாலும் துணை வேலைதான்; சில கட்டிகளில் மட்டும் தீர்ப்பே அதனிடம் இருக்கிறது.

கல்லீரலில் தெரிவது புற்றா, தீங்கற்ற ரத்தநாளக் கட்டியா என்று பிரித்தறியும் முயற்சியில் பிரான்சின் டெனி லெ பியான் இதைத் தொடங்கினார். மூச்சுக்கு மூச்சு கல்லீரல் அசைந்ததால் அங்கே எடுபடவில்லை, மூளைக்கு மாறினார். 1985இல் முதல் படங்கள் வெளிவந்தன. இன்று மலேசியாவில் சுபாங் ஜெயா மருத்துவ மையத்திலும் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மூளை ஸ்கேனோடு சேர்த்தே இதை எடுக்கிறார்கள். கூடுதலாக ஓரிரு நிமிடம் பிடிக்கும். மருந்து ஏற்ற வேண்டியதில்லை.

சாதாரணப் படம் ஒன்று, விரவலை உணரும் படம் ஒன்று என இரண்டு எடுத்து, அவற்றிலிருந்து நீரின் விரவல் அளவைக் காட்டும் ஏடிசி வரைபடம் கணக்கிடப்படுகிறது. நீர் முடங்கிய இடம் விரவல் படத்தில் வெளுப்பாகவும் ஏடிசியில் கறுப்பாகவும் தெரியும். வெளுப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நீர் மிகுந்த திசுவும் அப்படி மின்னும்.

இதன் கெட்டிக்காரத்தனம் எபிடெர்மாய்டு கட்டியில் வெளிப்படும். சிறுமூளையையொட்டிய மூலையில் வளரும் இதுவும், வெறும் மூளைத் தண்டுவட நீரால் நிரம்பிய அரக்னாய்டு நீர்க்கட்டியும் வழக்கமான படங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விரவல் படத்தில் நீர்க்கட்டி கறுத்துப்போகும். உள்ளே உதிர்ந்த தோல்செதில்கள் அடைந்த எபிடெர்மாய்டு பளிச்சென்று வெளுக்கும். நீர்க்கட்டி பலருக்கு வாழ்நாள் முழுதும் தொல்லை தராது என்பதால் இந்த வேறுபாடு அறுவை வேண்டுமா என்பதையே மாற்றிவிடும். அறுவைக்குப் பின் எபிடெர்மாய்டின் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் இதே படம்தான்.

குழந்தைகளின் சிறுமூளையிலும் இது கைகொடுக்கிறது: மெதுவாக வளரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவில் ஏடிசி உயர்ந்தும், செல்கள் நெருக்கியடித்த மெடுல்லோபிளாஸ்டோமாவில் தாழ்ந்தும் இருக்கும்.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் மெனிஞ்சியோமாவில் கதை வேறு. தரம் உயர்ந்தால் ஏடிசி குறையும் என்பது பொதுப்போக்கே தவிர விதியல்ல. முதல் தரக் கட்டியும் இறுகிப்போயிருந்தால் ஏடிசியில் கறுப்பாகவே தெரியும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த மூன்று தரங்களில் எது என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்பும் காற்றறைகளும் படத்தை நெளித்துவிடும். பிட்யூட்டரிக்கு அருகிலுள்ள சிறு கட்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம்.