செங்கல்பட்டுச் சீமையில் கேட்கப்பட்ட 17 கேள்விகள்

பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துப் பட்டதாரிகள் இன்று பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கான நேர்காணலுக்குப் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தயாராகிறார்கள். மாதிரிக் கேள்வி பதில்களை மனப்பாடம் செய்து, மென்பொருள்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலுக்கான பன்னாட்டு அமைப்பு கனடாவில் தொடங்கியது 2003-ல்தான் என்பதால் தொழிலே புதியது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பெயர்தான் புதிது. வேலை செய்கிறவர்களிடம் போய் அது எப்படி நடக்கிறது என்று கேட்டு, முடிவெடுக்கிறவர்களுக்கு விளங்கும்படி எழுதித் தருவது இந்த ஊர்கள் அடங்கிய பழைய செங்கல்பட்டுச் சீமையில் 250 ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை. நேர்காணலுக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்த வரலாறு இன்றைய கையேடுகளைவிடத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் வாதம்.

1763-ல் நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். கையில் வந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியாது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். சங்கிலி பிடித்து நிலத்தை அளந்துவிடலாம். ஊர் நடக்கும் முறையை அளக்க முடியாது. அது ஊர்க் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளில் இருந்தது. எத்தனை வீடு, யார் என்ன தொழில், நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி எத்தனை என்பதோடு களத்துமேட்டில் நெல் எப்படிப் பிரிந்தது என்பதும் அவற்றில் இருந்தது. குவியலை அரசுக்கும் குடிகளுக்கும் பங்கிடுவதற்கு முன்னாலேயே கோயிலுக்கு, ஏரிக்கு, காவலுக்கு, தச்சருக்கு, வண்ணாருக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று மேரை, சுதந்திரம் என்ற பெயர்களில் பங்குகள் போய்விடும். ‘இந்த ஊரின் வரி எவ்வளவு’ என்று மட்டும் கேட்டவருக்கு இதில் எதுவும் தெரிய வந்திருக்காது. ஒரு தொழிற்சாலையில் பொருள் எந்தக் கைகள் வழியாகப் போகிறது, ஒவ்வொரு கையிலும் என்ன கழிகிறது என்று இன்றைய அனலிஸ்ட் வரையும் படமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

கேட்கிறவர் யார் என்பதும் பதிலைத் தீர்மானிக்கிறது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஊர் ஊராக விசாரித்தவர், கடும் உழைப்பாளி. ஆனால் விசாரித்த கையே வரியை உயர்த்தும் கையாகவும் இருந்தது. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள், அதாவது பரம்பரை நில உரிமையாளர்கள், அவருக்கு இணங்காமல் ஊரைவிட்டே வெளியேறினார்கள். தன் பதில் தனக்கே வினையாகும் என்று தெரிந்தவன் உண்மையைச் சொல்லமாட்டான். பின்னர், மிராசு உரிமை என்பது என்ன என்று சென்னை அரசு 17 கேள்விகளை எழுப்பியது. அவற்றுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை 1816-ல் எழுதிய பதில்கள் 1818-ல் அச்சாயின. தமிழ் நன்கறிந்த எல்லிஸும் அவருடன் பணியாற்றிய சங்கரய்யாவும் அதிகாரிகளின் அபிப்பிராயத்தோடு நின்றுவிடவில்லை. பழைய கிரயப் பத்திரங்களையும் சாசனங்களையும் திரட்டி வைத்துப் பதில் சொன்னார்கள். ‘இரண்டு துறைகள் முரணாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்’ என்று இன்றைய நேர்காணலில் கேட்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல விடையை நான் கண்டதில்லை: வாய்ச்சொல்லை ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பது.

கணக்குப்பிள்ளைகள் கணக்கை மறைத்தவர்கள் அல்லவா, பிறப்பால் பதவி பெற்றவர்கள் அல்லவா, அவர்களைப் போய் முன்னோடியாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஊரின் அறிவு சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது. 1895-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் பரம்பரை உரிமைக்குச் சட்ட வடிவமும் தந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம் (கணக்குப்பிள்ளை), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-ல் அதை ஏற்றது. அவர்களுக்குப் பதிலாக வந்த கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதி வருபவரானார். இது நடந்திருக்க வேண்டிய மாற்றம், தாமதமாக நடந்தது என்பதுதான் என் குறை. அந்த மாற்றத்தின் தொடர்ச்சியாகவே நேர்காணலையும் பார்க்கிறேன். தாத்தா களத்தில் கூலிக்கு நெல் அளந்த வீட்டுப் பெண் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிறது. ஆகவே விட வேண்டியது பரம்பரை உரிமையை. ஊரை உள்ளும் புறமும் அறிந்திருந்த அந்த அறிவை அல்ல.

எக்செல், எஸ்க்யூஎல், சாப் தெரியாமல் ஓலையைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பது இன்னொரு மறுப்பு. கருவிகளைக் கற்றே ஆக வேண்டும். முதல் சுற்றில் அவைதான் வடிகட்டும். ஆனால் அவற்றை எல்லோரும் கற்கிறார்கள். அடுத்த சுற்றில் ‘கிடங்கில் இருப்பு ஏன் கணினிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை’ என்று ஒரு நிலைமையைக் கொடுத்துக் கேட்கும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும்.

அங்கேதான் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாக நிறுவனங்கள் பெருகின. பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. கேட்டில் லாரி நிற்பது முதல் இன்வாய்ஸ், தரப் பரிசோதனை, ஸ்டோர், லைன், ரிஜெக்‌ஷன் வரை அறிந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். நேர்காணலுக்கு முந்தைய வாரத்தில் அவர்களில் ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்தபின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுவன ரகசியம் எதையும் கேட்காமல், தன் வேலை எப்படி நடக்கிறது என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அவரிடமே படித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தை ஏற்று மறுபடி எழுதுங்கள்.